வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் டிராம் பாதைகள்: தண்டவாளம் இல்லாத ரயில் பாதையில் எதைப் பார்ப்பது?

கேள்வி (3 மார்ச் 2024)

அபர்கனனிலிருந்து மெர்த்தர் டிட்வில் செல்லும் ட்ரெவிதிக் நடைபாதையில் ஒரு பகுதியை நடந்து பார்த்தேன். உலகில் முதன்முதலாகத் தண்டவாளத்தின் மேல் நீராவி இன்ஜின் ஓடிய தடம் என்கிறார்கள். என் கண்ணில் பட்டவை தரையில் பாதி புதைந்த, துளை போட்ட கற்கள் மட்டுமே. தண்டவாளம் ஒரு துண்டுகூட இல்லை, சிலீப்பர் கட்டையும் இல்லை. இதை ரயில் பாதையின் எச்சம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? 1825 இல் திறந்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைதானே முதலாவது?

3 மார்ச் 2024, இரவு

நீங்கள் பார்த்த கற்கள்தான் அந்தப் பாதை. அவற்றை அலங்காரத்துக்காகப் பின்னால் யாரும் கொண்டுவந்து பதிக்கவில்லை.

இன்றைய ரயிலில் விளிம்பு சக்கரத்தில் இருக்கிறது. குதிரைகள் சரக்கு வண்டிகளை இழுத்த அன்றைய தென் வேல்ஸ் டிராம் பாதையில் விளிம்பு தண்டவாளத்தில் இருந்தது. சுமார் மூன்றடி நீளமுள்ள வார்ப்பிரும்புத் தகடு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுவர் அலமாரியைத் தாங்கும் எல் வடிவப் பட்டையைப் போல இருக்கும். படுத்திருக்கும் பக்கத்தின் மேல் சக்கரம் உருளும். நிமிர்ந்து நிற்கும் பக்கம் சக்கரம் உள்ளே விலகிவிடாமல் தடுக்கும். தகட்டின் இரு முனைகளும் இரண்டு கற்களின் மேல் உட்காரும். கல்லில் துளை போட்டு, அதில் ஓக் மரக் கட்டையை அடித்து இறுக்கி, அந்தக் கட்டைக்குள் இரும்பாணியை அடித்துத் தகட்டை நிறுத்தினார்கள். நீங்கள் பார்த்த துளை அதுதான்.

சிலீப்பர் இல்லாததற்குக் காரணம் குதிரை. இரண்டு கல் வரிசைகளுக்கும் நடுவே குதிரை நடந்தாக வேண்டும். குறுக்குக் கட்டை போட்டால் அதன் குளம்பு அடிக்கடி இடறும், கட்டையும் சீக்கிரம் தேயும். அதனால் இடதுக்கு ஒரு வரிசை, வலதுக்கு ஒரு வரிசை என்று தனித்தனிக் கற்களை நட்டுவிட்டு, நடுப்பகுதியைச் சரளையும் இரும்பு உலைக் கசடும் கொட்டி நிரப்பிவிட்டார்கள். அடுத்த முறை போகும்போது கற்களைப் பார்த்த அளவுக்கு அவற்றின் இடைவெளியையும் பாருங்கள். இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது.

தகடுகள் எங்கே போயின என்பதற்கு விடை எளிது. பாதை மூடப்பட்டதும் இரும்பு பழைய இரும்பாக விலை போயிற்று. பக்கத்திலேயே உலை வைத்திருப்பவன் இரும்பைத் தரையில் கிடக்க விடுவானா? கல்லைப் பெயர்த்து விற்கும் கூலிகூட அதில் தேறாது என்பதால் கல் தங்கிவிட்டது.

4 மார்ச் 2024

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வேல்ஸின் டிராம் பாதைகளில் ஒற்றைத் துளைக் கற்களும் உண்டு, இரட்டைத் துளைக் கற்களும் உண்டு. ஒற்றைத் துளை என்றால் பெரும்பாலும் தகடே நேராகக் கல்லின் மேல் ஆணியடிக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இரண்டு தகடுகளின் முனைகளில் உள்ள அரைவெட்டுகள் சேர்ந்து ஒரே ஆணியைப் பிடித்துக்கொள்ளும். இரட்டைத் துளை என்றால் கல்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு வார்ப்பிரும்பு இருக்கை இருந்திருக்கலாம். சில கற்களின் மேற்பரப்பில் தகடோ இருக்கையோ அழுத்தித் தேய்த்த பள்ளம் விரல் வைத்துத் தடவினால் தெரியும். மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் துளைகளில் தண்ணீர் நிற்கும், பாசிக்கு நடுவிலும் கற்கள் எளிதாக அகப்படும். வேல்ஸில் மழைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அநேகமாக வராது.

9 மார்ச் 2024

முதலாவது எது என்ற கேள்வியை அன்று விட்டுவிட்டேன். அதற்குள் போகும் முன் இந்தப் பாதை ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வந்த காரணத்தில் நீராவிக்கு எந்தப் பங்கும் கிடையாது.

மெர்த்தரின் இரும்பைக் கடலுக்குக் கொண்டுபோவதற்காக 1790 இல் கிளமோர்கன்ஷயர் கால்வாய்க்குச் சட்டம் இயற்றினார்கள். 1794 இல் மெர்த்தரிலிருந்து கார்டிஃப் வரை படகு ஓடியது. கால்வாயில் மேலோங்கிய பங்குதாரர் கிஃபார்த்ஃபா இரும்பாலையின் ரிச்சர்ட் க்ராஷே. மலைச் சரிவில் இறங்கும் கால்வாய் என்பதால் படகை ஏற்றி இறக்கும் மதகுகள் அடுக்கடுக்காக இருந்தன. கோடையில் தண்ணீர் தட்டுப்படும், படகுகள் வரிசையில் நிற்கும். டௌலைஸ், பெனிடாரன், பிளிமத் ஆகிய மற்ற மூன்று ஆலைகளின் சரக்கு, போட்டியாளரின் கை ஓங்கியிருந்த கால்வாயை நம்பிக் காத்துக் கிடந்தது.

அவர்கள் நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் கேட்டு மன்றாடாமல் பழைய சட்டத்தையே துணைக்கு அழைத்தார்கள். கால்வாயிலிருந்து நான்கு மைலுக்குள் இருக்கும் ஆலைகள் கால்வாய் வரை டிராம் பாதை போட்டுக்கொள்ளலாம் என்று கால்வாய்ச் சட்டத்திலேயே இடம் இருந்தது. கால்வாயைச் சேர்வதற்கான அனுமதியை எடுத்துக்கொண்டு, அதன் நெரிசல் மிகுந்த மேற்பகுதியை முழுவதும் தவிர்த்து, ஒன்பதரை மைல் தள்ளி அபர்கனனில் போய்ச் சேர்ந்தார்கள். ஜார்ஜ் ஓவர்ட்டன் என்ற பொறியாளர் அமைத்த அந்தப் பாதை 1802 இல் முடிந்தது. கால்வாய் நிறுவனத்தை அதன் சொந்தச் சட்டத்தை வைத்தே சுற்றிக்கொண்டு போன இந்தச் சாமர்த்தியம், இன்ஜின் கதையைவிட எனக்குச் சுவையாகப் படுகிறது.

பாதையின் சரிவும் கணக்குப் போட்டு அமைக்கப்பட்டதுதான். மெர்த்தரிலிருந்து அபர்கனன் நோக்கி மெல்ல இறங்குகிறது. நிறைசுமை இறங்கும் திசையில் போகும், வெற்று வண்டிகள் ஏறும் திசையில் திரும்பும். மிதிவண்டியில் அபர்கனனிலிருந்து மேலேறிப் போனால் இது தொடையில் தெரியும். திரும்பும்போது மிதிக்கவே வேண்டியதில்லை.

10 மார்ச் 2024

இனி 1804. பிப்ரவரி 21 அன்று பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி இன்ஜின் பெனிடாரனிலிருந்து பத்து டன் இரும்பையும், ஐந்து வண்டிகளையும், அவற்றின் மேல் ஏறிக்கொண்ட எழுபது பேரையும் இழுத்துக்கொண்டு அபர்கனன் சேர்ந்தது. ஆன நேரம் நான்கு மணி ஐந்து நிமிடம். வழியில் மரங்களை வெட்டவும் பெரிய பாறைகளை அகற்றவும் வேண்டியிருந்தது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதை வைத்து ஆலை முதலாளிகளான சாமுவேல் ஹோம்ஃப்ரேயும் க்ராஷேயும் 500 கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு) பந்தயம் கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. கால்வாய்த் தகராறு எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பதற்கு அதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இன்ஜின் தன் வேலையைச் செய்தது, பாதைதான் தாங்கவில்லை. சுமார் ஐந்து டன் எடையை நான்கு சக்கரங்களில் ஏற்றி, குதிரை வண்டிக்காக வார்த்த மூன்றடித் தகடுகளின் மேல் ஓட்டினார்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். தகடுகள் உடைந்தன. சில பயணங்களுக்குப் பிறகு இன்ஜின் பாதையை விட்டிறங்கியது, குதிரைகள் திரும்பின. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பாதை குதிரைப் பாதையாகவே உழைத்தது.

ஆகவே 1804 ஐயும் 1825 ஐயும் ஒரே பந்தயத்தில் ஓடவிடுவது பொருந்தாது. இங்கே இன்ஜின் வந்துவிட்டது, அதைத் தாங்கும் தண்டவாளம் வரவில்லை. ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை பொதுமக்கள் பாதையாகத் திட்டமிட்டுத் திறக்கப்பட்டது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார்: ஸ்டாக்டன் பாதைக்குத் தொடக்கத்தில் நில அளவை செய்தவர், மெர்த்தர் பாதையை அமைத்த அதே ஜார்ஜ் ஓவர்ட்டன்தான். ஜார்ஜ் ஸ்டீபன்சன் வந்து மறு அளவை செய்தது அதற்குப் பின்னர்.

16 மார்ச் 2024

இங்கே ஒருவர் குவேக்கர்ஸ் யார்டில் டாஃப் ஆற்றின் மேல் நிற்கும் கல் வளைவுப் பாலத்தின் படத்தைப் போட்டு, ட்ரெவிதிக்கின் இன்ஜின் கடந்த பாலம் என்று எழுதியிருக்கிறார். இதைத் திருத்தியாக வேண்டும். அந்த இடத்தில் பாதை ஆற்றை இரண்டு முறை கடக்கிறது. 1804 இல் இரண்டு இடங்களிலும் மரப்பாலங்களே இருந்தன. 1815 இல் மரப்பாலம் ஒன்று, மேலே வண்டித்தொடர் போய்க்கொண்டிருக்கும்போதே முறிந்து விழுந்தது. நாம் இன்று பார்க்கும் கல் வளைவுகள் அதற்குப் பிறகு கட்டியவை. அவற்றின் மேல் நடந்தவை குதிரைகள்.

இன்ஜின் உண்மையிலேயே நுழைந்து போன இடம் வேண்டுமென்றால் மெர்த்தருக்குத் தெற்கே, பழைய பிளிமத் ஆலை இருந்த இடத்துக்குப் போங்கள். ஆலைக்கு அடியில் டிராம் பாதை ஒரு சிறிய சுரங்க வழியாகப் போகிறது. அகலமும் உயரமும் எட்டடி அளவுதான். அதற்குள் புகைபோக்கியோடு நுழைந்தவர்களின் நுரையீரலை நினைத்துப் பார்க்கிறேன்.

17 மார்ச் 2024

இரும்பெல்லாம் உருக்கப் போய்விட்டது என்ற தொனியில் முதல் குறிப்பை எழுதியிருக்கிறேன். அந்தப் பேச்சு தகடுகளோடு நிற்கட்டும். பாலங்களின் கதை வேறு.

மெர்த்தரில் கிஃபார்த்ஃபா ஆலைக்கு அருகே பாண்ட்-அ-கவ்னை என்ற இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. 1793 இல் வாட்கின் ஜார்ஜ் வடிவமைத்தது. உலகில் எஞ்சியிருக்கும் இரும்பு ரயில் பாலங்களில் மிகப் பழையது என்ற பெயர் இதற்கு உண்டு. சுண்ணாம்புக் கல் ஏற்றிய வண்டிகளையும், ஆலைக்கு வேண்டிய தண்ணீரையும் ஒரே பாலம் தாங்கியது. இரும்புத் தொட்டிக்குள் நீர், அதன் மேல் தடம்.

அருகில் போய் அதன் இணைப்புகளைப் பாருங்கள். போல்ட்டு போட்டு முடுக்கும் இடங்களில் தச்சு வேலை தெரியும். ஓர் உறுப்பில் வெட்டிய பள்ளத்துக்குள் மற்றோர் உறுப்பின் நாக்கு நுழைந்து நிற்கிறது. வேறொரு மூட்டு, விரிந்த வால் போல வெட்டிக் கோத்த மரப்பெட்டியின் மூலையேதான். வாட்கின் ஜார்ஜ் தச்சராகத் தொழில் தொடங்கியவர். புதிய பொருள் கையில் வந்தபோது பழைய கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. நான் அங்கே நின்றிருந்த நேரத்தில் நாயோடு நடந்தவர்கள் ஒருவர்கூட அதன் பக்கம் திரும்பவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது ஆற்றைக் கடக்கும் வழி, அவ்வளவுதான்.

அபர்டேருக்கு அருகே ராபர்ட்ஸ்டவுனில் கானன் ஆற்றின் மேலும் ஒரு வார்ப்பிரும்பு டிராம் பாலம் இருக்கிறது. 1811 என்ற ஆண்டு அதன் மேலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. தகட்டை எடுத்து உருக்கியவர்கள் பாலத்தை ஏன் விட்டார்கள் என்பதற்கு என் ஊகம் இது: வண்டி நின்ற பிறகும் மனிதர்கள் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது.

30 மார்ச் 2024

மெர்த்தரையே சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒரு டிராம் பாதையைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் ப்ளைனாவனுக்கு அனுப்புவேன். ஹில் டிராம் பாதை என்று பெயர். ப்ளைனாவன் ஆலையின் தாமஸ் ஹில் அமைத்தது. அந்த நிலப்பரப்பு முழுவதும் 2000 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கிறது.

இங்கும் தொடக்கம் சுங்கத் தகராறுதான். மான்மத்ஷயர் கால்வாயின் கட்டணத்திலிருந்து தப்பிக்க வேண்டும். மலைக்கு மறுபக்கம் பிரெக்னாக்–அபர்கவெனி கால்வாய் இருக்கிறது. நடுவில் ப்ளோரெஞ்ச் மலை நிற்கிறது. ஹில் மலையைக் குடைந்தார். புல்-டி சுரங்க வழி ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளம். குதிரை டிராம் பாதைக்காக பிரிட்டனில் அமைந்த சுரங்க வழிகளில் இதுவே மிக நீளமானது. மறுபக்கம் வெளியே வந்த பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக் கார்ன்திரிஸ் பட்டறைக்குப் போகிறது. வார்ப்பிரும்புப் பாளங்களை அங்கே தேனிரும்பாக்கினார்கள். பிறகு லான்ஃபோயிஸ்ட்டின் மேலிருந்து செங்குத்தாக இறங்கும் சரிவுப் பாதைகள். அவற்றின் அடியில் கால்வாய்த்துறை. சரிவில் குதிரை கிடையாது. இறங்கும் நிறைவண்டிகளின் எடையே சங்கிலியின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டிகளை மேலே இழுத்துவிடும். மேலே ஒருவர் தடுப்பைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார்.

கார்ன்திரிஸில் உலைகளும் வீடுகளுமாக ஓர் ஊரே இருந்தது. 1860களில் பட்டறை மூடியது. இன்று புல்வெளி, ஆடுகள், இடிபாட்டு மேடுகள். நடுவில் ஆளுயரத்தையும் மிஞ்சிய கசடுப் பாறை ஒன்று நிற்கிறது. உருகிய நிலையில் கொட்டி உறைந்தது. கையால் தொட்டால் ஒரு பக்கம் கண்ணாடி வழவழப்பு, மறுபக்கம் கொப்புளம் வெடித்த சொரசொரப்பு. டிராம் பாதையின் விளிம்பில் தாங்கு கற்கள் வரிசை குலையாமல் கிடப்பதையும் இந்தத் திசையில்தான் அதிகம் பார்த்தேன்.

ஓர் எச்சரிக்கை: லான்ஃபோயிஸ்ட் சரிவில் கீழிருந்து மேலே ஏறுங்கள், இறங்காதீர்கள். பீச் மரத்து ஈர இலைகள் கற்களை மூடியிருக்கும். நான் இறங்கிய முறை பாதி தூரத்தை நின்றபடியும் மீதியை உட்கார்ந்தபடியும் கடந்தேன். தடுப்பைப் பிடிக்க மேலே ஆள் இல்லை.

31 மார்ச் 2024

சுங்கம் என்றதும் நினைவு வந்தது. 1805 இல் திறந்த சிர்ஹோவி டிராம் பாதை, ட்ரெடீகரிலிருந்து நியூபோர்ட் நோக்கி வரும் வழியில், சர் சார்லஸ் மார்கனின் ட்ரெடீகர் பூங்காவைக் கடந்தது. அந்த ஒரு மைல் துண்டைத் தானே அமைத்து, கடந்து போகும் ஒவ்வொரு டன்னுக்கும் அவர் சுங்கம் வாங்கினார். அதற்குப் பொன் மைல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளத்தாக்குகளில் இரும்பு வார்த்து நொடித்துப்போனவர்கள் பலர்; நிலத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் நொடிக்கவில்லை.

நொடித்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு ஜான் கிறிஸ்டி. லண்டனில் அவுரிச் சாய வணிகம் செய்தவர். 1819 இல் பிரெக்னாக் பெருங்காட்டு நிலத்தை வாங்கி, சுண்ணாம்பு போட்டு மேட்டு நிலத்தைத் திருத்தி விளைவிக்கலாம் என்று நம்பி, அதற்காகப் பிரெக்கன் வனப் பாதையை அமைத்தார். 1827 இல் திவாலானார். பாதையின் கரைகள் இன்றும் ஆள் நடமாட்டமில்லாத மேட்டுவெளியில் நேர்த்தியாக ஓடுகின்றன.

14 ஏப்ரல் 2024

தகட்டுப் பாதை என்பது பண்டைய, முதிராத நிலை. அதிலிருந்து படிப்படியாக இன்றைய தண்டவாளம் வளர்ந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தென் வேல்ஸில் வரிசை அப்படி இல்லை.

மான்மத்ஷயர் கால்வாயைச் சேர்ந்த பாதைகளில் 1790களில் டாட்ஃபோர்டு குடும்பத்துப் பொறியாளர்கள் போட்டவை விளிம்பில்லாத தண்டவாளங்களே. அதாவது, இன்றைய முறைப்படி விளிம்பு சக்கரத்தில் இருந்தது. 1799 இல் பெஞ்சமின் அவுட்ரம் என்ற பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, தகட்டு முறைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். புதிய பாதைகள் எல்லாம் தகட்டிலேயே எழுந்தன. பிறகு இன்ஜின்கள் கனமானபோது தகடுகள் மறுபடி உடைந்தன. அடுத்த தலைமுறை பணம் செலவழித்து விளிம்பில்லாத தண்டவாளத்துக்கே திரும்பியது.

அவுட்ரமை முட்டாள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. குதிரை இழுக்கும் வண்டிக்கு, வெறும் சக்கரம் போதும் என்ற தகட்டு முறை மலிவானது, பழுது பார்க்கவும் எளிது. அவர் காலத்துக் கணக்கில் நீராவி இல்லை. 1799 இல் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் நானும் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. தகட்டின் மேல் சேறும் கல்லும் சேர்ந்து உராய்வைக் கூட்டும் என்ற குறையை மட்டும் அன்றே கண்டிருக்கலாம்.

எனவே களத்தில் ஒரு கல்லைப் பார்த்ததும் ஒற்றைத் துளை பழையது, இரட்டைத் துளை புதியது என்று ஆண்டு கணிக்காதீர்கள். ஒரே தடத்தில் தண்டவாளம் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். பழைய கல்லைத் திருப்பிப் போட்டுப் புதுத் துளை குடைந்திருக்கவும் கூடும். மார்ச் 4 ஆம் தேதிக் குறிப்பை இந்த வரம்போடு படியுங்கள்.

20 ஏப்ரல் 2024

நடக்க எளிய பாதை எது என்று கேட்டவருக்கு: ப்ரினோர் டிராம் பாதை. 1815 இல் ட்ரெவில் சுண்ணாம்புக் கல் குழிகளையும் ப்ரின் ஓயர் நிலக்கரிச் சுரங்கங்களையும் டால்-அ-பாண்ட் கால்வாய்த்துறையோடு இணைத்தது, எட்டு மைல். இதுவும் ஓவர்ட்டன் கைவரிசைதான். மேலே ட்ரெவிலில் தொடங்கிக் கீழே கால்வாய்க்கு வாருங்கள். நிறைவண்டி போன திசையும் அதுவே, முழங்காலுக்கும் நல்லது.

இன்ஜினைப் பார்க்க விரும்பும் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் ஸ்வான்சீயில் உள்ள தேசிய நீர்முனை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பெனிடாரன் இன்ஜினின் மறு ஆக்கம் அங்கே இருக்கிறது. கல்லைப் பெயர்த்து வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்குப் பதில்: கூடாது. பல பகுதிகள் சட்டப்படி காக்கப்பட்ட சின்னங்கள். தவிர, அந்தக் கல் மூட்டையாகக் கட்டித் தூக்கும் எடையல்ல; குதிரையும் தேவைப்படும்.